ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வேலை மாறுகிறேன்: பென்ஷனை எடுக்கவா, மாற்றவா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது 37. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 2017 ஏப்ரலில் ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு கம்பெனியில் 12,800 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தேன். இப்போது தரப் பரிசோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். அடிப்படைச் சம்பளம் 22,000. காலை ஷிப்டுக்கு விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டும். கிருஷ்ணகிரி பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படை 26,000, கையில் மாதம் 4,500 ரூபாய் கூடுதலாக வரும். மே மாதத்தோடு இங்கே எனக்கு 9 வருடம் 2 மாதம் முடிகிறது.

இங்கே பி.எஃப். கம்பெனியின் சொந்த டிரஸ்டில் இருக்கிறது. 4,60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது என்றார்கள், ஆனால் பி.எஃப். இணையதளத்தில் பாஸ்புக்கைத் திறந்தால் ஒன்றும் தெரிவதில்லை. சூப்பர்வைசர் ஆனதிலிருந்து சூப்பரானுவேஷன் என்ற ஓய்வுக்கால நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் கம்பெனியே கட்டுகிறது. அதில் 1,45,000 இருக்கிறது. புதிய கம்பெனியில் பி.எஃப். 15,000 ரூபாய்க்குத்தான் பிடிப்பார்களாம். சூப்பரானுவேஷன் கிடையாது. வேண்டுமென்றால் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போடலாம், அது சி.டி.சி.க்குள், அதாவது கம்பெனி எனக்குச் செய்யும் மொத்தச் செலவுக்குள் வரும் என்கிறார்கள்.

எங்கள் மாந்தோப்பில் போர் வற்றிவிட்டது. என் கொழுந்தனார், "பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் பணத்தை எடுத்துப் புதிதாக ஒரு போர் போட்டுவிடலாம்" என்கிறார். பிரவுசிங் சென்டரில் விசாரித்ததில், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வரும், இரண்டு மாதம் கழித்து எடுத்துத் தருகிறேன், புதிய கம்பெனியில் புது நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். எடுக்கலாமா? உயர் ஓய்வூதியம் என்கிறார்களே, அது எனக்கு வருமா?

– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

கணக்கு விவரங்களோடு எழுதியதற்கு நன்றி. இதுபோன்ற கடிதங்களில் பத்தில் எட்டு, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைச் சொல்லாமலே ஆலோசனை கேட்கும்.

பென்ஷனுக்குப் போவதற்கு முன் அந்த 4,500 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இப்போது உங்கள் சம்பளத்திலிருந்து பி.எஃப்.புக்கு 22,000இல் 12 சதவீதம், அதாவது 2,640 ரூபாய் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே 2,640 போடுகிறது. புதிய இடத்தில் சட்டம் வைத்திருக்கும் 15,000 ரூபாய்ச் சம்பள உச்சவரம்புக்குத்தான் பிடிப்பார்கள் என்றால் உங்கள் பங்கு 1,800, கம்பெனியின் பங்கு 1,800. அது சட்டப்படி சரிதான். குறை சொல்ல முடியாது. ஆனால், கூடுதலாகக் கைக்கு வரும் 4,500இல் 840 ரூபாய் சம்பள உயர்வே அல்ல, உங்கள் சேமிப்பில் பிடிக்காமல் விட்ட பணம். மீதி 3,660. கம்பெனி தன் பங்கில் குறைப்பது இன்னொரு 840. சூப்பரானுவேஷனில் மாதம் 2,200 நின்றுபோகிறது. இரண்டும் சேர்ந்து 3,040. கழித்துப் பார்த்தால் உண்மையான உயர்வு மாதம் 620 ரூபாய்.

அந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவரவில்லை. நாலரை மணி பஸ்ஸுக்காக மூன்றரைக்கு எழுந்தவர்களின் முகத்தை இருபது வருடம் ஓசூர் தொழிற்சாலைகளில் சம்பளப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போவதற்கு என்ன விலை என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நியமன ஆணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, "முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிப்பீர்களா, என்.பி.எஸ். தொகையைச் சம்பளத்துக்கு மேல் தனியாகத் தருவீர்களா" என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முடியாது என்பார்கள். அப்படியானால் சம்பளத்தையாவது ஆயிரம், இரண்டாயிரம் உயர்த்திக் கேட்க உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். சேர்ந்த பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

இனி பென்ஷன். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் இது. கம்பெனி கட்டும் 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. உச்சவரம்பு 15,000 என்பதால் மாதம் 1,250 ரூபாய். மத்திய அரசும் தன் பங்காக 1.16 சதவீதம், அதாவது 174 ரூபாய் வரை போடுகிறது. உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு காசு போவதில்லை. அதனால்தானோ என்னவோ, நம் ஆட்கள் இதை வழியில் கிடந்த பணம்போல நினைக்கிறார்கள்.

பி.எஃப்.பில் உங்கள் பெயரில் ஒரு தொகை இருக்கிறது. அது வட்டியோடு வளர்கிறது. வேலை மாறினால் அந்தத் தொகை அப்படியே புதிய கணக்குக்குப் போகிறது. பென்ஷனில் அப்படி உங்கள் பெயரில் தனித் தொகை எதுவும் வளர்வதில்லை. அங்கே சேர்வது வருடங்கள். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை (உச்சவரம்பு 15,000) பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள். வருவதுதான் மாத ஓய்வூதியம். வேலை மாறும்போது புதிய கணக்குக்குப் போவதும் வருடங்கள்தான். மாற்றம் முடிந்த பிறகு பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பழைய தொகை பூஜ்யம் என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, என் பென்ஷனைக் காணோம்" என்று கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து என் அலுவலகம் வரை ஓடி வந்தவர்கள் உண்டு. காணாமல் போகவில்லை. பணி விவரப் பக்கத்தில் பழைய கம்பெனியில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருந்தால் போதும்.

பத்து வருடம் இருந்தால்தான் மாத ஓய்வூதியம். 9 வருடம் 6 மாதம் ஆகிவிட்டாலே அதைப் பத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு 9 வருடம் 2 மாதம் இருக்கிறது. புதிய கம்பெனியில் நான்கே மாதம் பென்ஷன் சந்தா கட்டப்பட்டால் ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் பெறும் உரிமை உங்கள் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அதை மொத்தமாக எடுக்கவும் முடியாது. கொழுந்தனார் இப்போது அவசரப்படுவதற்கு அந்தப் பிரவுசிங் சென்டர்காரர் இதைச் சொல்லியிருப்பதுதான் காரணமாக இருக்கும்.

மாவட்டம் முழுக்க நாம் பார்ப்பதுதான்: மாமரம் பூ வைத்திருக்கும்போதே கைச்செலவுக்காகத் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மே மாதத்தில் குத்தகைக்காரர் லாரி லாரியாகக் காய் ஏற்றுவதை வேலியோரம் நின்று பார்ப்போம். ஆனால் தோப்பை அடுத்த வருடம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் விற்கப்போவது திரும்ப வராது. ஏன் என்று சொல்கிறேன்.

2014 செப்டம்பர் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. புதிதாக உறுப்பினராகச் சேர்பவரின் சம்பளம் 15,000க்கு மேல் இருந்தால் அவர் பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது. நீங்கள் 2017இல் 12,800 ரூபாய்க்குச் சேர்ந்ததால் உள்ளே வந்தீர்கள். பிறகு சம்பளம் 22,000 ஆனபோதும் ஏற்கெனவே உறுப்பினர் என்பதால் தொடர்கிறீர்கள். இப்போது பென்ஷனை எடுத்துவிட்டால் உங்கள் உறுப்பினர் நிலை முடிந்துபோகும். 26,000 ரூபாய் சம்பளத்தில் புதிதாகச் சேர வந்தால், உச்சவரம்பு 15,000 என்று நீடிக்கும்வரை உங்களுக்கு அங்கே இடமில்லை. ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற முடியாத பஸ் இது.

அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்ற தொகையை மறுக்க மாட்டேன். ஒன்பது வருடத்துக்கு ஏறத்தாழ ஒன்பதரை மாதச் சம்பளம் என்பது போன்ற ஒரு அட்டவணைப்படி, 15,000 உச்சவரம்புக்கு அவ்வளவு வரும். அதை வைத்து நேர்மையாகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எடுக்காமல் தொடர்ந்தால், 58 வயதில் உங்களுக்கு 30 வருடப் பணி இருக்கும். 20 வருடத்துக்கு மேல் பணி செய்து 58இல் ஓய்வு பெறுபவர்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 32ஐ 15,000ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 6,857 ரூபாய். உச்சவரம்பு இப்போதுள்ளபடியே இருந்தால் இவ்வளவு. உங்களுக்குப் பிறகு உங்கள் கணவருக்கு அதில் பாதி.

எடுத்துவிட்டால், கம்பெனி பென்ஷனுக்குப் போட வேண்டிய 1,250 ரூபாயும் உங்கள் பி.எஃப்.பிலேயே சேரும். இப்போதைய 8.25 சதவீத வட்டியே 21 வருடமும் கிடைக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் எட்டு லட்சம் ஆகும். கையில் வாங்கிய ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தையும் தொடாமல் 7 சதவீத வட்டியில் வைத்திருந்தால் அது ஐந்தே முக்கால் லட்சம். மொத்தம் பதினான்கு லட்சத்துக்குப் பக்கம். அதை வங்கியில் போட்டு 6 சதவீதம் வட்டி வாங்கினால் மாதம் 7,000. அசலும் பிள்ளைகளுக்கு மிஞ்சும். தொழிலாளர் ஓய்வூதியத்திலோ அசல் திரும்பாது. விலைவாசி ஏறினாலும் ஓய்வூதியம் ஏறாது. 2014இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த ஆயிரத்தை வாங்கும் பெரியவர்கள் மருந்துக் கடையில் நின்று எண்ணுவதை நானும் பார்க்கிறேன்.

ஆக, காகிதத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம். எடுப்பதே மடத்தனம் என்று உங்களிடம் சொன்னால் அது பொய். ஆனால் அந்தச் சமம் ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: ஒரு லட்சத்து நாற்பதாயிரமும் 21 வருடம் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது அடுத்த வாரமே ரிக் லாரிக்குப் போகப்போகிறது. நம் மாவட்டத்தில் ஆயிரம் அடி இறக்கியும் தூசி மட்டும் பறந்த போர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போரில் தண்ணீர் வரவில்லை என்றால் உங்களுக்கு மிஞ்சுவது அந்த எட்டு லட்சம், அதாவது மாதம் 4,000 வட்டி.

அந்தக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது உறுப்பினருக்கு ஏதாவது நேர்ந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால்கூடக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. கணவருக்கு ஆயுள்வரை, அதோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கும், ஒரே நேரத்தில் இருவருக்கு, 25 வயது வரை, தலைக்குக் கணவர் பெறும் ஓய்வூதியத்தில் கால் பங்கு. தினமும் நெடுஞ்சாலையில் போய்வருகிறவர் நீங்கள். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் முதல் வேலையை விட்டபோது ஐந்து வருடப் பென்ஷனை எடுத்தேன். இருபதாயிரத்துச் சொச்சம் வந்தது. ஒரு மொபெட் வாங்கினேன். அந்தக் காலத்து உச்சவரம்பு 6,500. அந்த ஐந்து வருடத்தை வைத்திருந்தால் இன்றைக்கு மாதம் 464 ரூபாய் கூடுதலாக வரும். சின்னத் தொகைதான். ஆனால் அந்த இருபதாயிரத்தை நான்கு வருடத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் என் மனைவியின் காலம்வரை வந்துகொண்டிருக்கும். மொபெட்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டே பல வருடம் ஆகிறது. சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவனே இப்படிச் செய்தான் என்பதால், உங்கள் கொழுந்தனாரை நான் குறை சொல்லப்போவதில்லை.

பிரவுசிங் சென்டர்காரரை மட்டும் குறை சொல்வேன். எத்தனை கம்பெனி மாறினாலும் ஒருவருக்கு ஒரே யு.ஏ.என். எண்தான் (பி.எஃப். உறுப்பினர் எண்) இருக்க வேண்டும். இன்னொரு கம்பெனியில் பி.எஃப். உறுப்பினராக இருந்துகொண்டே, வேலையில்லை என்று பழைய எண்ணில் விண்ணப்பிப்பது பொய்ச் சான்று. ஆதார் ஒன்றே இரண்டு எண்களிலும் நிற்கும்போது அது பிடிபடாமல் இருக்காது. மேலும், 2025 அக்டோபரில் கூடிய பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு, பென்ஷன் தொகையை எடுப்பதற்கான காத்திருப்புக் காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்த முடிவெடுத்தது. முழு பி.எஃப்.பையும் முன்கூட்டியே எடுக்க 12 மாதம். "இரண்டு மாதத்தில் எடுத்துத் தருகிறேன்" என்பவர் இன்னும் பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சரி, போருக்குப் பணம்? அதற்கு உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு தொகை இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் பணி செய்திருக்கிறீர்கள், பணிக்கொடை (கிராஜுவிட்டி) வரும். கடைசிச் சம்பளம் 22,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 9 வருடத்தால் பெருக்கினால் 1,14,230 ரூபாய். வருமான வரி இல்லை. விலகிய 30 நாட்களுக்குள் கம்பெனி தர வேண்டும். பி.எஃப். போலப் பணிக்கொடையைப் புதிய கம்பெனிக்கு மாற்ற முடியாது. அங்கே உங்கள் ஐந்து வருடம் மறுபடி முதல் நாளிலிருந்துதான் தொடங்கும். எப்படியும் கைக்கு வரப்போகிற பணம் என்பதால் ரிக் லாரிக்கு இதைக் கொடுங்கள். போதாத இருபத்தைந்தாயிரத்தைக் கொழுந்தனார் போடட்டும். யோசனை அவருடையதுதானே.

பி.எஃப். விஷயத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள். டிரஸ்ட் வைத்து நடத்தும் கம்பெனிகளின் உறுப்பினர்களுக்கு அரசு இணையதளத்தில் பாஸ்புக் தெரியாது. உங்கள் கணக்கு டிரஸ்டின் புத்தகத்தில் இருக்கிறது; பென்ஷன் சந்தா மட்டும் அரசுக்குப் போகிறது. அரசு அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் டிரஸ்ட் தந்தாக வேண்டும் என்பது விதி. அதனால் வட்டியில் நீங்கள் இழந்தது எதுவும் இருக்காது. விலகுவதற்கு முன் கடைசி ஆண்டுக் கணக்குச் சீட்டை அச்சில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய கம்பெனியில் சேர்ந்ததும் பி.எஃப். மாற்றல் விண்ணப்பமான படிவம் 13ஐ இணையத்தில் கொடுத்தால், டிரஸ்ட் பணத்தை அனுப்பும். கூடவே 'அனெக்சர் கே' என்று ஒரு தாள் போகும். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, தொகை எல்லாம் இருக்கும். பல நேரங்களில் பணம் வந்து சேர்ந்துவிடும், அந்தத் தாள் மட்டும் எங்கேயோ தங்கிவிடும். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பணத்தைவிட அந்தத் தாளில்தான் உங்கள் ஒன்பது வருடம் இருக்கிறது.

மாற்றுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பி.எஃப். உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால் தரப்படும் காப்பீட்டுத் தொகை 7 லட்சம் வரை. அதைக் கணக்கிடும்போது பி.எஃப். கணக்கில் இருக்கும் சராசரி இருப்பையும் பார்க்கிறார்கள். 4,60,000 ரூபாய் பழைய இடத்திலேயே கிடக்க, புதிய கணக்கில் சில ஆயிரம் மட்டும் இருந்தால் அந்தப் பங்கு குறையும். சம்பளத்தில் பிடிக்காமல் விடும் 840 ரூபாயை விருப்பச் சந்தாவாகப் பி.எஃப்.பிலேயே போடச் சொல்லிப் புதிய எச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். இப்போதும் அந்தப் பணம் உங்கள் கையில் வரவில்லை. வராமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

சூப்பரானுவேஷன் 1,45,000 பற்றி: முதலில் உங்கள் கம்பெனி விதியில் எத்தனை வருடம் பணி செய்தால் அந்தப் பணம் முழுதும் உங்களுடையது என்று இருக்கிறது என்பதைக் கேளுங்கள். அது ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். உரிமை வந்துவிட்டது என்றால், ஓய்வு வயது வரை அங்கேயே விட்டுவைத்துப் பிறகு ஆன்யுட்டியாக, அதாவது தவணை தவணையாக வரும் ஓய்வூதியமாக வாங்கலாம். பணிக்கொடை பெறுபவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வரியில்லாமல் மொத்தமாகக் கிடைக்கும். அல்லது என்.பி.எஸ். கணக்கு ஒன்று தொடங்கி அதற்கு மாற்றலாம். 2017 முதல் இதற்கு வழி இருக்கிறது. நேரடியாக மாற்றும் தொகையை அந்த வருட வருமானமாகக் கருதமாட்டார்கள். 60 வயதில் சேர்ந்ததில் 60 சதவீதம் வரை வரியில்லாமல் மொத்தமாக எடுக்கலாம். என்.பி.எஸ்.இல் வட்டி உத்தரவாதம் கிடையாது. பங்குச் சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். உங்களுக்கு 20 வருடத்துக்கு மேல் இருப்பதால் நான் என்.பி.எஸ். பக்கம்தான் சாய்வேன். அடிக்கடி எடுக்க முடியாது என்பதை இங்கே ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

புதிய கம்பெனி சொல்லும் என்.பி.எஸ். வேறு கதை. சி.டி.சி.க்குள் என்றால் உங்கள் சம்பளத்தையே எடுத்து உங்கள் பெயரில் போடுகிறார்கள். கம்பெனியிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை. வரிச் சலுகை உண்டு என்று எச்.ஆர். பெருமையாகச் சொல்வார். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. உங்கள் சம்பளத்துக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? சேமிக்க விருப்பம் இருந்தால் போடுங்கள், வரிக்காக வேண்டாம்.

உயர் ஓய்வூதியம், அதாவது 15,000 உச்சவரம்புக்கு மேல் உள்ள சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடும் ஓய்வூதியம், உங்களுக்கு வராது. 2022 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2014 செப்டம்பர் 1க்கு முன்பிருந்தே உறுப்பினர்களாக இருந்தவர்களைப் பற்றியது.

கடைசியாக, பெயர். இது சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். என்னிடம் வரும் மாற்றல் விண்ணப்பங்களில் அதிகமாகத் தடுக்கி விழுவது இங்கேதான். நமக்கு இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் போயிருக்கும். பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும். பெண்களுக்குக் கூடுதல் தொல்லை: வேலையில் சேர்ந்தபோது அப்பாவின் எழுத்து, ஆதாரைப் புதுப்பித்தபோது கணவரின் எழுத்து. கணினிக்கு இருவரும் வெவ்வேறு ஆட்கள். பழைய கம்பெனியில் இருக்கும்போதே ஆதாரில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, தகப்பனார் அல்லது கணவர் பெயர் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளுங்கள். விலகிய பிறகு அவர்களுக்கு உங்கள் தொலைபேசியை எடுக்க நேரம் இருக்காது. விலகிய தேதியை அவர்கள் பதிவு செய்கிறார்களா என்றும் பாருங்கள். செய்யாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். எங்கேயாவது சிக்கினால், ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டம்தோறும் பி.எஃப். அலுவலகம் நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமுக்கு ஆதார், பான், வங்கிப் புத்தகம், டிரஸ்ட் கணக்குச் சீட்டு ஆகியவற்றின் நகல்களோடு போங்கள். காலையிலேயே போய்விட்டால் உட்கார்ந்து பேச நேரம் தருவார்கள்.

புதிய கம்பெனியில் சேரும் அன்று கத்தையாகக் காகிதங்கள் நீட்டுவார்கள். அதில் படிவம் 11 என்று ஒன்று இருக்கும். முன்பு 1995 ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினரா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று நீங்களே, உங்கள் பேனாவால் குறியிடுங்கள். உங்கள் சம்பளம் 26,000 என்பதைப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பென்ஷன் கிடையாது" என்று முழுத் தொகையையும் பி.எஃப்.பில் போட்டுவிடும் எச்.ஆர். பையன்கள் நிறைய உண்டு. இரண்டு வருடம் கழித்து அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜூன் மாதச் சந்தா ஜூலை 15க்குள் கட்டப்பட வேண்டும். ஜூலைக் கடைசியில் பாஸ்புக்கைத் திறந்து, பென்ஷன் பத்தியில் 1,250 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே எச்.ஆர். மேசைக்குப் போய் நில்லுங்கள்.